ஓர் அமெரிக்க நகரம் எப்போது உலக நகரமாகிறது?

ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில்லில் 2020 கணக்கெடுப்பின்படி 9,49,611 பேர். சான் பிரான்சிஸ்கோவில் 8,73,965 பேர். சிறிய நகரத்தை உலகமே அறிந்திருக்கிறது. பெரிய நகரத்தின் பெயரைச் சொன்னால் அமெரிக்காவுக்கு வெளியே பலரும் விழிக்கிறார்கள். அப்படியானால் ஓர் அமெரிக்க நகரத்துக்கு உலக முக்கியத்துவம் எதனால் வருகிறது, மக்கள்தொகையாலா, பணத்தாலா, சினிமாவாலா என்பது கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பெயர் தெரிவதும், வெளிநாடுகள் அந்த நகரத்தை நம்பியிருப்பதும் வேறு வேறு. பெயர் எதனாலும் பரவும்: ஒரு தொலைக்காட்சித் தொடர், ஒரு கூடைப்பந்து அணி, ஒரு படுகொலை. வந்த வேகத்திலேயே மங்கியும் போகும். நம்பியிருப்பதுதான் நிலைக்கும். அதைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: அந்த நகரம் ஒரு வாரம் முடங்கினால் அமெரிக்காவுக்கு வெளியே யாருடைய வேலை நிற்கும்? பதில் நீளமாக இருந்தால் அது உலக நகரம்.

மக்கள்தொகைப் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். ஜாக்சன்வில் 1968இல் தன்னைச் சுற்றியிருந்த டூவல் கவுன்டியோடு (கவுன்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நிர்வாகத்தை இணைத்துக்கொண்டது. அதனால் அதன் நிலப்பரப்பு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். சான் பிரான்சிஸ்கோவுக்கு 120 சதுர கிலோமீட்டர்தான். எல்லைக் கோட்டை அகலமாகப் போட்டால் தலைகள் கூடத்தான் செய்யும். எதிர்ப்பக்கத்தில் 2020 கணக்கெடுப்பில் அட்லாண்டா நகர எல்லைக்குள் 5 லட்சம் பேர்கூட இல்லை, ஆனால் சுற்றுவட்டாரத்தோடு சேர்த்தால் 60 லட்சம். மயாமி நகரம் 4.4 லட்சம், பெருநகரப் பகுதி 61 லட்சம். அமெரிக்க நகரங்களை ஒப்பிடும்போது நகராட்சி எல்லையை வைத்து ஒப்பிடுவது அநேகமாக எப்போதுமே தவறான முடிவைத் தரும். பெருநகரப் பகுதியின் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

பெயரும் அப்படித்தான் ஏமாற்றும். உலகம் லாஸ் வேகஸ் என்று படத்தில் பார்க்கிற சூதாட்ட விடுதிகளின் வீதி, பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகராட்சிக்குள்ளேயே இல்லை. அது பாரடைஸ் என்ற, நகராட்சி இல்லாத பகுதியில் இருக்கிறது. ஹாலிவுட் 1910 முதல் லாஸ் ஏஞ்சலஸின் ஒரு பகுதி. சிலிக்கான் வேலி என்று ஒரு நகரமே கிடையாது. தலைகீழான உதாரணம் வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன். அதுவும் முறையான நகராட்சி அல்ல, பெயரும் யாருக்கும் தெரியாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள லௌடன் கவுன்டியில்தான் உலகிலேயே அடர்த்தியாகத் தரவு மையங்கள் குவிந்திருக்கின்றன. வட வர்ஜீனியாவிலுள்ள அமேசானின் கிளவுட் மையங்கள் 2025 அக்டோபர் 20 அன்று தடுமாறியபோது, பல நாடுகளில் வங்கிச் செயலிகளும் கட்டணச் சேவைகளும் சேர்ந்து முடங்கின. மேலே சொன்ன சோதனையில் ஆஷ்பர்ன் ஜெயிக்கிறது, லாஸ் வேகஸ் தோற்கிறது.

இனி நியூயார்க். சுதந்திர தேவி சிலையையும் வால் ஸ்ட்ரீட்டையும் எல்லாரும் சொல்வார்கள். ஐ.நா. தலைமையகத்தையும் சொல்வார்கள், அந்த நிலத்தை வாங்க 1946 டிசம்பரில் ராக்கஃபெல்லர் குடும்பம் 85 லட்சம் டாலர் கொடுத்திருக்காவிட்டால் அது ஃபிலடெல்பியாவுக்குப் போயிருக்கலாம். ஆனால் உலக நாடுகளை நியூயார்க்கோடு உண்மையில் கட்டிப்போடுவது கண்ணுக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள்.

ஒன்று, டாலர் தீர்வு. பிரேசிலில் ஒருவர் வியட்நாமில் ஒருவருக்கு டாலரில் பணம் அனுப்பினாலும், கடைசியில் இரண்டு வங்கிகளின் கணக்கும் நேராவது பெரும்பாலும் நியூயார்க்கில் இயங்கும் வங்கிகள் வழியாக. சிப்ஸ் எனப்படும் தீர்வு அமைப்பு 1970 முதல் இந்த வேலையைச் செய்கிறது. ஒரு வேலைநாளில் அதன் வழியாகப் போகும் தொகை ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல். இதன் பலம் என்ன என்பதற்கு 2014இல் பி.என்.பி. பாரிபா வங்கிக்கு நடந்தது சாட்சி. பிரெஞ்சு வங்கி, சூடான் போன்ற நாடுகளின் வாடிக்கையாளர்கள். ஆனால் டாலர் நியூயார்க்கைத் தொட்டுப் போனதால் அமெரிக்கத் தடைச் சட்டம் பாய்ந்தது. வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 890 கோடி டாலர் கட்டியது.

இரண்டு, சட்டம். நியூயார்க் மாநிலம் 1984இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. இரண்டரை லட்சம் டாலருக்குக் குறையாத ஒப்பந்தம் என்றால், அதில் கையெழுத்திடுபவர்களுக்கு நியூயார்க்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும் நியூயார்க் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 10 லட்சம் டாலருக்குக் குறையாவிட்டால் அங்குள்ள நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுக்கலாம். வேறு நகரங்கள் மாநாட்டு அரங்கமும் விளையாட்டு மைதானமும் கட்டி உலகத்தை அழைக்கின்றன. நியூயார்க் சட்டத்தில் ஒரு பிரிவை எழுதி அழைத்தது. எனக்குத் தெரிந்து ஒரு நகரத்தின் உலகப் பலத்தைக் கூட்ட இவ்வளவு மலிவான வழி வேறில்லை. ஆனால் இது தனியாக வேலை செய்யாது. அதற்கு முன்பே அங்கே நூற்றாண்டுக் கணக்கில் வணிகத் தீர்ப்புகள் குவிந்திருந்தன. தகராறு வந்தால் தீர்ப்பு எப்படி வரும் என்று வழக்கறிஞர் முன்கூட்டியே கணிக்க முடிந்தது. அந்தக் கணிப்புதான் ஈர்க்கிறது.

வளரும் நாடுகள் வெளியிடும் டாலர் கடன்பத்திரங்களில் பெரும்பகுதி அதனால்தான் நியூயார்க் சட்டத்தின் கீழ் எழுதப்படுகிறது. அர்ஜென்டினாவின் கடன் மறுசீரமைப்பை ஏற்க மறுத்த சில நிதி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. எங்களுக்குப் பணம் தராமல் மற்றவர்களுக்கும் தரக்கூடாது என்று கேட்டு, மன்ஹாட்டன் நீதிபதி தாமஸ் கிரீசாவிடம் 2012இல் உத்தரவும் வாங்கின. 2014இல் அர்ஜென்டினா செலுத்திய 53.9 கோடி டாலர் நியூயார்க்கிலுள்ள வங்கியிலேயே தேங்கி நின்றது. கையில் பணம் இருந்தும் அந்த ஜூலையில் ஒரு நாடு கடன் தவறியதாக ஆனது. இலங்கைக்கும் இதே கதவுதான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை நிறுத்திவைத்த பிறகு, ஜூனில் ஹாமில்டன் ரிசர்வ் வங்கி என்ற கரீபிய வங்கி இலங்கை மீது வழக்குத் தொடுத்தது. கடன் வாங்கியது கொழும்பு, கொடுத்தது ஒரு சிறு தீவில் பதிவான வங்கி, வழக்கு நடந்தது மன்ஹாட்டனில். பத்திரத்தில் எழுதியிருந்தது அப்படி.

வாஷிங்டன் விஷயத்தில் விதி இன்னும் வெளிப்படையானது. சர்வதேச நாணய நிதியத்தின் சாசனம், 13ஆம் ஷரத்து, தலைமையகம் மிகப் பெரிய பங்கு வைத்திருக்கும் நாட்டில்தான் இருக்க வேண்டும் என்கிறது. உலக வங்கிக்கும் அதே மாதிரி. நாடு அமெரிக்கா என்பது அப்படி முடிவானது. எந்த நகரம் என்பது 1946 மார்ச்சில் ஜார்ஜியாவின் சவானா நகரில் நடந்த கூட்டத்தில் முடிவானது. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் நியூயார்க் வேண்டும் என்றார், அமெரிக்கத் தரப்பு வாஷிங்டன்தான் என்று நின்றது. நிதியம் தன் அரசின் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

சிகாகோவை எடுத்துக்கொண்டால், ஒரு நகரம் எப்படிப் படிப்படியாக உலகச் சந்தையாகிறது என்பது தெளிவாகத் தெரியும். 1848இல் ஒரே ஆண்டில் இரண்டு நடந்தன: மிசிகன் ஏரியை மிசிசிப்பி நீர்வழியோடு இணைக்கும் கால்வாய் திறந்தது, வணிகர்கள் சேர்ந்து போர்டு ஆஃப் டிரேடு என்ற தானிய வாரியத்தை அமைத்தார்கள். ரயில் வந்ததும் கோதுமை மூட்டையில் வராமல் பெட்டி பெட்டியாகக் கொட்டி வந்தது. யாருடைய கோதுமை எது என்று பிரித்து வைக்க முடியவில்லை. எனவே 1850களின் பிற்பாதியில் தரம் பிரித்தார்கள். ஒரே தரத்துத் தானியம் எல்லாம் ஒரே கிடங்கில் கலக்கும், விவசாயிக்குக் கிடைப்பது ஒரு ரசீது. ரசீது கைமாறத் தொடங்கியது, பிறகு இன்னும் விளையாத தானியத்துக்கும் விலை பேசினார்கள். 1865இல் அதற்குப் பொதுவான ஒப்பந்த விதிகள் வந்தன. இன்றும் சோளம், கோதுமை, சோயாவுக்கு ஓர் ஒப்பந்தம் என்றால் 5,000 புஷல் (தானியத்தை அளக்கும் அமெரிக்க அலகு). சோளத்தில் அது 127 டன். சோயா எண்ணெய் என்றால் 60,000 பவுண்டு, சுமார் 27 டன். அர்ஜென்டினாவில் கப்பலேறி இந்தியாவில் இறங்கும் சோயா எண்ணெய்க்கும், சிகாகோ விலைக்கு மேல் இவ்வளவு, கீழே இவ்வளவு என்றுதான் பேரம் நடக்கிறது. சரக்கு சிகாகோவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. விலை மட்டும் அங்கே பிறக்கிறது.

அந்த இடம் செயின்ட் லூயிஸுக்குக் கிடைத்திருக்கலாம். 1870 கணக்கெடுப்பில் அதுதான் பெரியது: 3,10,864 பேர், சிகாகோ 2,98,977. (செயின்ட் லூயிஸின் எண்ணிக்கையை ஊதிக் காட்டினார்கள் என்ற சந்தேகம் அன்றிலிருந்தே உண்டு.) பத்தே ஆண்டில் சிகாகோ 5 லட்சத்தைத் தாண்டியது, செயின்ட் லூயிஸ் 3.5 லட்சத்தில் நின்றது. காரணங்களில் ஒன்று பாலம். மிசிசிப்பியின் குறுக்கே முதல் ரயில் பாலம் 1856இல் வடக்கே ராக் ஐலண்டில், சிகாகோவுக்குப் போகும் தடத்தில் வந்துவிட்டது. நீராவிப் படகுகளை நம்பிய செயின்ட் லூயிஸுக்கு ஈட்ஸ் பாலம் கிடைத்தது 1874இல். அதற்குள் மேற்கிலிருந்து வரும் தானியம் வடக்கு வழியைப் பழகிவிட்டது. இரண்டாவது காரணத்தை அவர்களே தேடிக்கொண்டார்கள். 1876இல் நகரம் தன் கவுன்டியிலிருந்து ஓட்டுப் போட்டுப் பிரிந்தது, எல்லையையும் நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டது. கிராமத்துச் செலவை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற எண்ணம். பிறகு வளர்ச்சி எல்லாம் எல்லைக்கு வெளியே போனது. 1950இல் 8,56,796 பேர் இருந்த நகரத்தில் 2020இல் 3,01,578.

செயின்ட் லூயிஸ் 1904இல் உலகக் கண்காட்சியையும் ஒலிம்பிக்கையும் ஒன்றாக நடத்தியது. பெரும் விழா நடத்தினால் உலக நகரமாகிவிடலாம் என்று நம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விழா ஓர் அறிமுகம்தான். அறிமுகமான பிறகு, வெளியூர்க்காரர் திரும்பத் திரும்ப வரவேண்டிய வேலை ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

அட்லாண்டாவில் அது இருந்தது. 1996 ஒலிம்பிக்கால் அட்லாண்டா பெரிய நகரமானது என்று எழுதுகிறார்கள். வரிசை அதற்கு நேர் எதிர். 1950இல் அட்லாண்டாவில் 3,31,314 பேர், பக்கத்து மாநிலத்து பர்மிங்ஹாமில் 3,26,037 பேர். எடை போட்டால் சமம். வில்லியம் ஹார்ட்ஸ்ஃபீல்டு நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, 1925இல் கைவிடப்பட்ட ஒரு பந்தயத் திடலை விமானத் தளமாகக் குத்தகைக்கு எடுக்க வைத்தார். பின்னாளில் மேயராக இருந்தும் அதையே வளர்த்தார். டெல்டா விமான நிறுவனம் 1941இல் லூசியானாவிலிருந்து தலைமையகத்தை அட்லாண்டாவுக்கு மாற்றியது. 1946இல் இன்றைய சி.டி.சி. என்ற அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அங்கே தொடங்கியது, போர்க்காலத்தில் தென் மாநிலங்களில் மலேரியாவைக் கட்டுப்படுத்திய அலுவலகம் அங்கே இருந்ததுதான் காரணம். பர்மிங்ஹாம் எஃகையே பிடித்துக்கொண்டிருந்தது. 1963 மே மாதம் கறுப்பினச் சிறுவர்கள் மீது நாய்களையும் தண்ணீர்ப் பீய்ச்சிகளையும் ஏவிய படங்கள் உலகம் முழுக்கப் போயின. பர்மிங்ஹாமின் பெயர் அன்று எல்லா நாட்டிலும் தெரிந்தது. எந்த முதலீட்டாளரும் விரும்பாத விதத்தில். அட்லாண்டாவிலும் இனப்பிரிவினை இருந்தது, அநீதி இருந்தது. ஆனால் அங்குள்ள வணிகர்களும் மேயர்களும் கறுப்பினத் தலைவர்களோடு பேரம் பேசி நகரத்தைத் திறந்து வைத்தார்கள். 1980இல் விமான நிலையத்துக்குப் புது முனையம் வந்தது. அதே ஆண்டு சி.என்.என். ஒளிபரப்பு தொடங்கியது. 1998 முதல், பெருந்தொற்று ஆண்டான 2020 தவிர, உலகில் அதிகப் பயணிகள் கடக்கும் விமான நிலையம் அதுதான், 2023இல் 10.4 கோடி பேர். ஒலிம்பிக் வந்தபோது வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த 10 கோடியில் பெரும்பான்மை உள்நாட்டுப் பயணிகள், அதிலும் பலர் விமானம் மாறிப் போகிறவர்கள். அட்லாண்டாவின் தெருவில் கால் வைக்காதவர்கள். ஆனாலும் அவர்களால் நகரத்துக்குப் பயன் உண்டு: மாறிப்போகிற கூட்டம் இருப்பதால்தான், உள்ளூர்த் தேவை மட்டும் இருந்தால் கட்டுப்படியாகாத வெளிநாட்டு ஊர்களுக்கும் தினசரி நேரடி விமானம் ஓட்ட முடிகிறது. அந்த நேரடி விமானத்தை நம்பி ஒரு வெளிநாட்டு நிறுவனம் அலுவலகம் திறக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸைப் பற்றிப் பேசினால் சினிமாதான் முன்னால் நிற்கும். உலகம் அதிகம் நம்பியிருப்பது அதன் துறைமுகத்தை. பழைய நகரம் கடலைத் தொடவே இல்லை. துறைமுகத்தை அடைய 1906இல் தெற்கே ஒரு மெல்லிய நிலத்துண்டை நகரத்தோடு சேர்த்தார்கள். அதன் வழியே போய் 1909இல் சான் பெட்ரோவையும் வில்மிங்டனையும் இணைத்தார்கள். இன்றைய வரைபடத்திலும் அந்த ஒடுங்கிய துண்டு தெரியும். 1913இல் 375 கிலோமீட்டர் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீருக்காக ஓவன்ஸ் பள்ளத்தாக்கு காய்ந்தது, அதையும் கணக்கில் சேர்த்தே சொல்ல வேண்டும். 2022 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே 100க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் காத்திருந்தபோது, ஆசியத் தொழிற்சாலைகளுக்குக் காலிப் பெட்டகம் கிடைக்கவில்லை, கப்பல் கூலி பல மடங்கு ஏறியது. ஒரு வாரம் முடங்கினால் என்ன ஆகும் என்ற சோதனை அங்கே உண்மையாகவே நடந்தது.

சின்ன ஊர்களும் இப்படி ஒற்றை வேலையால் உலகத்துக்குத் தேவைப்படுவதுண்டு. மெம்ஃபிஸில் 1973 ஏப்ரல் 17 இரவு 14 சிறு விமானங்களும் 186 பொட்டலங்களுமாக ஃபெடெக்ஸ் தொடங்கியது. 1993 முதல் 2009 வரை உலகிலேயே அதிகச் சரக்கைக் கையாண்ட விமான நிலையம் மெம்ஃபிஸுடையதே. அலாஸ்காவின் ஆங்கரேஜில் 3 லட்சம் பேர்கூட இல்லை, ஆனால் ஆசியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் நடுவே சரக்கு விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்குவது அங்கே. முழு டாங்கியோடு பறப்பதைவிடப் பாதி வழியில் நிரப்பினால் அதிகச் சரக்கு ஏற்றலாம். மின்னசோட்டாவின் ராச்செஸ்டர், 1883இல் ஒரு சூறாவளிக்குப் பின் கன்னியாஸ்திரீகள் மருத்துவமனை கட்ட முன்வந்ததில் தொடங்கி, மேயோ கிளினிக் என்ற பெரிய மருத்துவ மையமாக வளர்ந்தது. ஹூஸ்டனுக்கு 1914இல் திறந்த கப்பல் கால்வாய். அதற்கு முன் 1900இல் புயல் கால்வெஸ்டனை அழித்ததும், 1901இல் பக்கத்தில் எண்ணெய் பீறிட்டதும் சேர்ந்துதான் அந்தக் கால்வாய்க்கு அர்த்தம் கொடுத்தன.

இழப்பதும் இதே வழியில்தான். செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் 2000இல் 3 கோடிப் பயணிகள், டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தின் மையம் அது. 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2003இல் சேவைகளை வெட்டியது. ஆனால் 100 கோடி டாலருக்கு மேல் செலவான புதிய ஓடுபாதை வேலை நின்றபாடில்லை. 2006இல் திறந்தபோது பயணிகள் பாதி. முடிவெடுக்கும் தலைமை வேறு ஊரில் இருந்தால் மையம் நிலைக்காது என்பது பொதுவாகப் பொருந்தும். 2008இல் அதே ஊரின் ஆன்ஹைசர் புஷ் மதுபான நிறுவனமும் பெல்ஜியத்துக்காரர்களிடம் போனது.

வெளிநாடு என்று ஒன்றாகச் சொல்வதும் சரியல்ல. 1959 புரட்சிக்குப் பின் வந்த கியூபா அகதிகளால் மயாமி லத்தீன் அமெரிக்காவின் வங்கித் தெருவானது. ஆசியாவில் அதற்கு அந்த இடம் கிடையாது. சோமாலியர்களிடம் மினியாபொலிஸ் என்றால் உறவினர் இருக்கும் ஊர், லெபனானில் டியர்பார்ன் அப்படி. ஒஹாயோவின் டேட்டனை நம்மில் பலருக்குத் தெரியாது. போஸ்னியாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், ஏனெனில் 1995 நவம்பரில் அங்குள்ள விமானப்படைத் தளத்தில் முடிவான அமைதி உடன்படிக்கையின் 4ஆம் இணைப்புதான் இன்றும் அந்த நாட்டின் அரசியல் சாசனம்.

ஒரு நகரத்தை நீங்களே எடைபோட விரும்பினால் சில இடங்களில் கவனம் தேவை. விமான நிலையத்தின் பெயரில் சர்வதேசம் என்று இருப்பதால் ஒன்றுமில்லை. மெக்சிகோ கடற்கரைக்கு விடுமுறை விமானம் ஒன்றிரண்டு பறந்தாலும் அப்படிப் பெயர் வைக்கலாம். வேறு கண்டத்துக்கு ஆண்டு முழுக்க, தினசரி, நேரடியாக எத்தனை என்று எண்ணுங்கள். தூதரகக் கணக்கில் கௌரவத் தூதர்களைக் கழித்துவிடுங்கள். அவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பிரமுகர்கள். ஒரு நாடு தன் அதிகாரியை அனுப்பி, வாடகை கொடுத்து நடத்தும் துணைத் தூதரகம்தான் கணக்கு. இந்தியா நியூயார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ, ஹூஸ்டன், அட்லாண்டாவில் வைத்திருந்து, 2023இல் சியாட்டிலிலும் திறந்தது. இரண்டாவது பெரிய நகரமான லாஸ் ஏஞ்சலஸுக்கு 2025 பிப்ரவரியில்தான் அறிவிப்பே வந்தது. பேச்சளவிலான நட்பு ஒப்பந்தங்களுக்கு மதிப்பெண் வேண்டாம். சென்னைக்கு டென்வரோடு 1984 முதலும் சான் அன்டோனியோவோடு 2008 முதலும் சகோதர நகர உறவு உண்டு. சென்னைவாசிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தரவரிசைகளிலும் அடிக்குறிப்பைப் படியுங்கள். லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய உலக நகர ஆய்வுக் குழுவின் ஆல்ஃபா, பீட்டா பட்டியல் கணக்கு, விளம்பரம், வங்கி, சட்டம் போன்ற சேவை நிறுவனங்களின் கிளைத் தொடர்பை அளக்கிறது. சினிமா, துறைமுகம், ஆராய்ச்சிக்கூடம், ராணுவத் தளம் எதுவும் அதில் வராது.

இந்தச் சோதனையை இப்போது போட்டுப் பார்க்கத் தகுந்த நகரம் பீனிக்ஸ். 16 லட்சம் பேர், அமெரிக்காவில் ஐந்தாவது இடம், ஆனால் வெகுகாலம் வெளிநாட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. 2020 மே மாதம் தைவானின் டி.எஸ்.எம்.சி. அங்கே சிப் ஆலை அமைப்பதாக 1,200 கோடி டாலர் திட்டம் அறிவித்தது. 2025 மார்ச்சில் அது 16,500 கோடி டாலராக வளர்ந்தது. முதல் ஆலையில் உற்பத்தி தொடங்கியும், அங்கே செய்த வேஃபர்களை (சிப்கள் பதித்த சிலிக்கான் தகடுகளை) உயர்நிலைப் பேக்கேஜிங்குக்கு, அதாவது சிப்களை இணைத்து உறையிடும் வேலைக்கு, தைவானுக்கே அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வேலையும் அரிசோனாவிலேயே நடந்து, வேதிப்பொருள், வாயு தரும் துணை நிறுவனங்களும் சுற்றிலும் குடியேறும்வரை, பீனிக்ஸ் ஒரு வாரம் முடங்கினாலும் தைவான் சமாளித்துக்கொள்ளும்.